தொப்பியும் 8 கிலோஹெர்ட்ஸ் முள்ளும்: எந்த இசைக்கு எந்த ஸ்டுடியோ ஹெட்போன்

ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் (கணினியின் ஒலியை ஹெட்போனுக்குத் தரும் பெட்டி) ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸையும் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் (மின்தடை) ரகத்தையும் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டுப் பாருங்கள். வால்யூம் குமிழைத் தொடாதவரை எம்50எக்ஸ்தான் ஜெயிக்கும். குரல் முன்னால் வந்து நிற்கும், பேஸ் கெட்டியாக இருக்கும், எல்லாம் உயிரோடு கேட்கும். அதற்கும் அதன் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சத்தம் கூடுதல், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. எம்50எக்ஸ் 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபெல். டிடி 770 250 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல். பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் 3 டெசிபெல் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் இன்டர்ஃபேஸ் மில்லிவாட்டை நிலையாக வைத்துத் தருவதில்லை, வோல்டேஜைத் தருகிறது. அதே 1 வோல்ட்டுக்கு முதலாவது ஏறக்குறைய 113 டெசிபெல் போகும், இரண்டாவது 102-இல் நிற்கும். 10 டெசிபெல் கூடினால் காதுக்குச் சத்தம் இரட்டிப்பான மாதிரி இருக்கும். இரண்டு மடங்கு சத்தமாகப் பாடும் ஒன்றையும் மெதுவாகப் பாடும் ஒன்றையும் பக்கத்தில் வைத்துத் தரம் பிரிக்க முடியாது.

அதனால் முதல் வேலை சத்தத்தைச் சமன் செய்வது. தடித்த அட்டை ஒன்றில் போனின் மைக் அளவுக்குத் துளை போட்டு, மைக் அந்தத் துளைக்கு நேராக வரும்படி போனை அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே இயர்கப்பைக் கவிழ்த்து, ஓரம் எங்கும் கசியாதபடி லேசாக அழுத்துங்கள். 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டிய பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, டெசிபெல் அளக்கும் செயலியில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பை எடுத்து மறுபடி வைத்து மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் நல்லது. முழு அலைவரிசை நாய்ஸை வைத்து அளந்தால், பேஸ் தூக்கலான ஹெட்போன் எண்ணை ஏற்றிக் காட்டி ஏமாற்றிவிடும். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அட்டை சொல்வதை நம்பவே கூடாது; காது மடலும் காதுக் குழாயும் செய்கிற வேலையை அட்டை செய்யாது. இந்த அளவை வைத்து மென்பொருளில் சத்தம் கூடியதைக் குறைத்துவிட்டு, கடைசித் திருத்தத்தை ஒரு தனிக்குரலைக் கேட்டுக் காதாலேயே செய்துகொள்ளலாம். அரை டெசிபெல்லுக்குள் வந்துவிட்டால் ஒப்பிட ஆரம்பிக்கலாம்.

எந்த அளவு சத்தத்தில் ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். மெதுவான சத்தத்தில் மனிதக் காது பேஸைக் குறைத்துத்தான் கேட்கும். இரவில் மெல்ல வைத்து வேலை செய்கிறவருக்கு மெலிவாகத் தெரியும் ஹெட்போன், பகலில் கூட்டி வைத்துக் கேட்பவருக்குச் சரியாக இருக்கும். அவரவர் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு தொல்லை, காது பழகிக்கொள்வது. பத்து நிமிடம் ஒரு ஹெட்போனைப் போட்டிருந்தால் அதன் குறையெல்லாம் இயல்பாகிவிடும், அடுத்தது எதுவானாலும் முதலில் கோணலாகத் தெரியும். முழுப் பாட்டு வேண்டாம். 15 அல்லது 20 விநாடித் துண்டு ஒன்றைச் சுழலவிட்டு முதலாவது, இரண்டாவது, மறுபடி முதலாவது என்று கேளுங்கள். திரும்பி வரும்போது காதில் படுகிற மாற்றம்தான் நம்பத்தக்கது.

இதற்குப் பிறகுதான் இசை வகை பற்றிய பேச்சே வர வேண்டும். ஒரு ஹெட்போன் எல்லா இசைக்கும் ஒரே மாதிரி நல்லதாகவோ கெட்டதாகவோ இருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒலியில் ஏதோ ஒரு பகுதியைத் தூக்கும், ஒரு பகுதியை அமுக்கும். நீங்கள் கேட்கும் இசையின் உயிர் அந்தப் பகுதியில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

கர்நாடக இசையை எடுத்துக்கொள்வோம். 1 கட்டைச் சுருதியில் பாடுகிறவரின் மத்திய ஸ்தாயி சட்ஜம் 131 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். அவருக்குச் சேர்ந்த தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தி 65 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடந்தலை, ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழுமாக நடமாடும். 5 கட்டையில் பாடுகிற பெண்குரலுக்குச் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஆக, இந்த இசையில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்க வேண்டியது ஏறக்குறைய எதுவுமில்லை. அங்கே இருப்பது மேடைப் பலகையின் அதிர்வும் மைக் ஸ்டாண்டில் கால் பட்ட சத்தமும்தான். சென்ஹைசர் எச்டி 600-இன் குறை என்று எல்லோரும் சொல்வது ஆழ்ந்த பேஸ் அதில் விழுந்துவிடுகிறது என்பதை. கச்சேரி ஒலிப்பதிவுக்கு அந்தக் குறை குறையே இல்லை. 1997-இல் வந்த, 300 ஓம், திறந்த ரக (கப்பின் பின்புறம் மூடாத) ஹெட்போன் அது. குரலின் நடுப்பகுதியில் அது காட்டும் நேர்மைக்கு இன்றும் ஈடு குறைவு என்பது என் உறுதியான கருத்து.

தொப்பியில் ஒரு கும்கியைக் கேளுங்கள். அடித்த பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதி தோலில் அழுந்தி நகரும்போது நாதம் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். எச்டி 600-இல் அந்த வழுக்கலின் ஆரம்பமும் முடிவும் தனித்தனியாகத் தெரியும். டிடி 770-இல் பேஸ் தூக்கலாக இருப்பதால் ஆரம்பம் பெரிதாக வீங்கி, வழுக்கிப் போகிற இடம் அதற்குள் மறைந்துவிடும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மிக்ஸிங் செய்கிறவர் அதை நம்பித் தொப்பியைக் குறைத்துவிட்டால், ஸ்பீக்கரில் வெறும் வலந்தலை மட்டும் தட்டிக்கொண்டிருக்கும்.

மேல்பகுதிக்கு வந்தால் தம்புராதான் சிறந்த பரீட்சை. ஜீவா நூல் (தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் நூல்) சரியாக அமைந்த தம்புராவின் மேல்சுரங்கள் பல கிலோஹெர்ட்ஸ் வரை இழையாக ஏறிக்கொண்டே போகும். டிடி 770, டிடி 990 இரண்டிலும் 8 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. அந்த இடத்தில் இழை முள்ளாகிறது. நாதத்தின் மேல் மெல்லிய உலோகத் தூள் தூவியது போல இருக்கும். வயலினில் வில் உரசும் சத்தமும் இதே மேட்டில் அகப்பட்டு, வாசிப்பவர் வில்லை அழுத்திவிட்டார் என்று தவறாக நினைக்கவைக்கும். நாகஸ்வரத்தின் சிக்கல் வேறு. அதன் வலிமை பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள். மேல்-நடுப்பகுதியையும் ட்ரெபிளையும் கூர்மையாகக் காட்டும் சோனி எம்டிஆர்-7506-இல் நாகஸ்வரத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்பது சிரமம். அதே 7506, பாடகரின் மூச்சு, உதடு ஒட்டிப் பிரியும் சத்தம், ஒலிப்பதிவில் வெட்டி ஒட்டிய இடம் இவற்றையெல்லாம் உடனே காட்டிக்கொடுக்கும். 1991-இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஒலிபரப்பிலும் அது தங்கிவிட்டதற்கு அதுதான் காரணம். தவறு கண்டுபிடிக்க அது, ரசித்துக் கேட்க வேறு.

திரையிசைக்கும் பாப் இசைக்கும் முதலில் பார்க்க வேண்டியது ஸகரமும் ஷகரமும். இந்த ஒலிகள் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடப்பவை. பாடகருக்கு நெருக்கமாக மைக் வைத்து, கம்ப்ரஸரால் சத்தத்தின் ஏற்றத்தாழ்வை அழுத்தி, மேலே ட்ரெபிளும் ஏற்றிய பாட்டில் 8 கிலோஹெர்ட்ஸ் மேடுள்ள ஹெட்போனைப் போட்டால் ஒவ்வொரு ‘ஸ’வும் காதைக் கீறும். இதைக் கேட்டு, ‘ஸ’வின் கூர்மையைக் குறைக்கும் டீ-எஸ்ஸரை அதிகமாகப் போடுகிறவர்களின் மிக்ஸில் பாடகருக்கு நாக்கு தடித்துப்போன மாதிரி ஆகிவிடும். ஹெட்போனின் மேடு எது, பாட்டின் கூர்மை எது என்று பிரிக்க ஒரு வழி: அதே வரியை ஒரு சாதாரண ஸ்பீக்கரில் மெதுவான சத்தத்தில் கேளுங்கள். அங்கேயும் ‘ஸ’ துருத்திக்கொண்டிருந்தால் பாட்டில்தான் பிரச்சினை.

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசைக்கு வரும்போது கேள்வி ஒலித்தன்மையிலிருந்து மின்சாரத்துக்குத் தாவுகிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அழுத்தி மாஸ்டரிங் செய்த பாப் பாட்டில் சராசரிச் சத்தத்துக்கும் உச்சத்துக்கும் 8 அல்லது 10 டெசிபெல்தான் இடைவெளி. ஆர்கெஸ்ட்ராவில் அது 20 டெசிபெல்லையும் தாண்டும். போனில் செருகும் சிறு டாங்கிள் ஒன்று 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 ஓம் டிடி 770-க்கு அது 4 மில்லிவாட், உச்சம் 102 டெசிபெல். பாப் பாட்டானால் சராசரி 92 வரை ஏற்றலாம். அது காதுக்கே அதிகம். ஆர்கெஸ்ட்ராவில் சராசரி 80-ஐத் தாண்டினாலே உச்சங்கள் நசுங்கத் தொடங்கும். 110 டெசிபெல் உச்சம் சுத்தமாக வேண்டுமானால் 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட் வேண்டும். ஒரே ஹெட்போன், ஒரே டாங்கிள். ஒரு இசைக்குத் தாராளம், இன்னொன்றுக்குப் பற்றாக்குறை. “இந்த ஹெட்போன் கிளாசிக்கலுக்கு உயிரில்லாமல் இருக்கிறது” என்று யாராவது சொன்னால், எதில் செருகிக் கேட்டார் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

மின்சாரம் போதுமான அளவு இருந்தால், ஆர்கெஸ்ட்ராவுக்குத் திறந்த ரகமே பொருத்தம். 62 ஓம் உள்ள ஏகேஜி கே702 வாத்தியங்களை இடம் விட்டு உட்காரவைக்கும். ஒபோ எங்கே, அதன் பின்னால் கிளாரினெட் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். ஆனால் டபுள் பேஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது; கே702-இல் அந்த அடித்தளம் மெலிவு. எச்டி 600-இல் மேடை குறுகலாக இருக்கும், தந்தி வாத்தியங்களின் நிறம் சரியாக இருக்கும். நான் நிறத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். அரங்கத்தின் எதிரொலியை ரசிப்பவர்கள் கே702 பக்கம் சாய்வதில் தவறில்லை.

மெட்டல், ராக் இரண்டிலும் டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டாரின் ஒலி, கிட்டார் ஸ்பீக்கரின் இயல்பால் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகக் குறைந்துவிடும். அதன் கடிப்பு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில். குரலும் ஸ்னேரும் கிக் டிரம்மின் ‘டிக்’கென்ற முனையும் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. டிடி 990 போல நடுவில் பள்ளமும் இரு பக்கமும் மேடுமுள்ள ஹெட்போனில் கிட்டார் பின்னால் போய், சிம்பல்கள் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதல் பாட்டில் துள்ளலாக இருக்கும், நான்காவது பாட்டில் தலை வலிக்கும். இந்த இசைக்குத் தூக்கல் இல்லாத நடுப்பகுதியே தேவை. வேகமான இரட்டை கிக் டிரம் ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். அது பேஸ் அளவைப் பொறுத்த விஷயம் என்று நினைப்போம். உண்மையில் அடிகளைப் பிரித்துக் காட்டுவது அந்த ‘டிக்’தான். பேஸ் வீங்கிய ஹெட்போன் அதை மூடிவிடும்.

மின்னணு இசையிலும் ஹிப்-ஹாப்பிலும் கணக்கு தலைகீழ். பேஸ் சுரங்களின் அடித்தளம் 40 முதல் 55 ஹெர்ட்ஸ் வரை, சில சமயம் 30-ஐயும் தொடும். எச்டி 600-இல் இந்த இடம் தேய்ந்துபோயிருக்கும். அதில் மிக்ஸ் செய்தால், கேட்காத பேஸை ஏற்றிக்கொண்டே போவோம்; காரில் போட்டதும் கதவு அதிரும். மூடிய டிடி 770 நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தால் கீழே வரை இறங்கும், ஆனால் தூக்கிக் காட்டுவதால் எதிர்த் தவறு நடக்கும்: பேஸைக் குறைத்து விட்டுவிடுவோம். பிளேனார் மேக்னெடிக் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும் ஹெட்போன்), நன்றாக ஒட்டி உட்கார்ந்தால், 20 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய சமதளமாகப் போகும். இந்த இசைக்கு அதுவே என் முதல் தேர்வு. விலையைத் தவிர அதற்கு இன்னொரு செலவும் உண்டு. இந்த வகையைச் சேர்ந்த ஆடீஸி எல்சிடி-எக்ஸ் 600 கிராமுக்கு மேல்; 7506 சுமார் 230 கிராம். மூன்று மணி நேரம் கழித்துக் கழுத்து சொல்லும்.

ஜாஸ் மூவர் குழு, தனி கிட்டார், பியானோ போன்ற சிறு அமைப்புகளுக்குத் திறந்த ரகம் எதுவானாலும் பெரிதாகத் தவறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: 1960-களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் டிரம்ஸ் முழுக்க ஒரு காதிலும் பியானோ முழுக்க மறு காதிலுமாக இருக்கும். ஸ்பீக்கரில் இடது பக்கச் சத்தம் வலது காதுக்கும் சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. ஹெட்போனில் அந்தக் கலப்பு இல்லாததால் பாதித் தலை காலியாக இருப்பதுபோல் இருக்கும். இதை ஹெட்போனின் குறையாகக் கருதி மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஒரு பக்கச் சத்தத்தை மறு பக்கமும் சற்றுக் கலக்கும் கிராஸ்ஃபீட் வசதியைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

இத்தனை பொருத்தமும் ஒரு மூக்குக்கண்ணாடியால் கெட்டுப்போகலாம். கண்ணாடியின் கை நெற்றிப்பொட்டுக்கும் இயர்பேடுக்கும் நடுவே புகும் இடத்தில், ஒரு தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி விழும். மூடிய ஹெட்போனில் அந்த இடைவெளி வழியே ஆழ்ந்த பேஸ் வெளியேறிவிடும். விரலால் பேடை அந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று எழும்பினால் அதுவரை நீங்கள் கேட்டது ஹெட்போனை அல்ல, கசிவை. மெல்லிய கம்பிக் கை உள்ள கண்ணாடியோ, மென்மையான வெல்வெட் பேடோ ஓரளவு காப்பாற்றும். திறந்த ரகத்தில் இந்தப் பாதிப்பு குறைவு. பிளேனாரில் கசிவு உடனே தெரியும்.

பேட் நசுங்குவதும் இதே ரகம். புதிய பேடில் காதுக்கும் டிரைவருக்கும் (ஒலி எழுப்பும் பகுதி) இருந்த தூரம், பஞ்சு அமுங்க அமுங்கக் குறைகிறது. பேஸின் அளவும் ட்ரெபிளின் கூர்மையும் இரண்டுமே மாறும். ஒருவரின் மூன்று வருடப் பழைய 7506-ஐயும் இன்னொருவரின் புதிய 7506-ஐயும் ஒப்பிட்டால் இரண்டு வேறு ஹெட்போன்கள் போல இருப்பது இதனால்தான். கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுக்கும்போது பேட் மெதுவாக எழும்பாமல் குழியாகவே நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அளவு பொருந்துகிறது என்று வேறு கம்பெனிப் பேடைப் போடுவதில் கவனம் வேண்டும். உள் ஆழமும் துணியின் துளைகளும் மாறினால் ஒலியும் மாறும், அதன் பிறகு இணையத்தில் கிடைக்கும் ஈக்வலைசர் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) அமைப்பு எதுவும் பொருந்தாது.

ஈக்வலைசர் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சரியாகச் செய்தால் அது மிக நல்ல கருவி. ஹெட்போன் எப்படி ஒலித்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கிறது என்று ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2010-களில் செய்த ஆய்வுகளில் கிடைத்த வளைவு ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. அதில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பெரிய மேடு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காதுக் குழாயும் மடலும் இயல்பிலேயே அங்கே ஒலியைத் தூக்குகின்றன, ஹெட்போனும் அதை ஈடு செய்தாக வேண்டும். அங்கே குறைத்துவிட்டால் குரல் போர்வைக்குள் போய்விடும்.

8 கிலோஹெர்ட்ஸ் முள்ளைக் குறைக்க, வேறொருவர் அளந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அந்த மேடு ஒவ்வொருவர் காதிலும் கொஞ்சம் தள்ளித்தான் விழும். மெதுவான சத்தத்தில் ஒரு சைன் அலையை 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்துங்கள். சட்டென்று கூர்மையாகிற எண்ணைக் குறித்துக்கொண்டு, விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர் ஏபிஓவில் அந்த இடத்தில் கியூ (குறைக்கும் பகுதி எவ்வளவு அகலம் என்று தீர்மானிக்கும் எண்) 3 வைத்து 4 அல்லது 5 டெசிபெல் குறையுங்கள். பிறகு தம்புராவைக் கேட்டுப் பாருங்கள். இழை மறுபடி இழையாக வந்திருந்தால் சரியான இடம். மந்தமாகிவிட்டால் 2 டெசிபெல் திருப்பிக் கொடுங்கள். பேஸை ஏற்றுவதானால், ஏற்றிய அளவுக்கு அதே செயலியில் ப்ரீஆம்பை (மொத்த ஒலி அளவை) குறைக்க மறக்கக் கூடாது. இல்லையென்றால் டிஜிட்டலிலேயே உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். எச்டி 600-இல் 30 ஹெர்ட்ஸைப் பல டெசிபெல் தூக்குவது வீண்; டிரைவரின் அசைவு எல்லையை நெருங்கி, சுரம் கூடுவதற்குப் பதில் அழுக்குதான் கூடும்.

துண்டுகளைக் கேட்டு முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி. அன்றாடம் கேட்கும் இசையில் நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியோ, முழு ஆல்பமோ ஒன்றை எடுத்து, சமன் செய்த அதே சத்தத்தில், ஒரு நாளைக்கு ஒரு ஹெட்போன் என்று முழுவதும் கேளுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதுகாப்பு எல்லை, அதற்குள்ளேயே இருங்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, வால்யூமைக் குறைக்கக் கை போன நிமிடத்தையும், கூட்டக் கை போன நிமிடத்தையும், அப்போது ஒலித்துக்கொண்டிருந்தது எந்த வாத்தியம் என்பதையும் மட்டும் எழுதுங்கள்.